பெற்றோருக்கு ஒரு கம்ப்யூட்டர்: பணம் முதலில் எங்கே போக வேண்டும்?

அறுபது வயதைக் கடந்த ஒருவருக்குக் கம்ப்யூட்டர் வாங்கும்போது, பல வீடுகளில் பட்ஜெட்டின் பெரும்பகுதி அவர் ஒருநாளும் பார்க்கப்போகாத பாகங்களுக்கே போய்விடுகிறது. ப்ராசஸர் வேகம், கிராஃபிக்ஸ், மெமரி என்று கடைக்காரர் அடுக்குவார். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பிள்ளை அதிலேயே பேரம் பேசி முடித்துவிடுவார். ஊரில் பெட்டியைப் பிரித்து உட்காரும் அப்பாவோ அம்மாவோ தினமும் பார்க்கப்போவது திரையை. தொடப்போவது கீபோர்டையும் மவுஸையும். முப்பதாயிரம் ரூபாயை ஒட்டிய தொகையில் நல்ல ஏற்பாடு ஒன்றைச் செய்துவிட முடியும். அந்தப் பணம் முதலில் கண்ணுக்கும் கைக்கும் போக வேண்டும். மிச்சத்தில் இயந்திரம் வாங்கினால் போதும்.

அதற்கும் முன்னால், கம்ப்யூட்டர் தேவைதானா என்று பார்த்துவிட வேண்டும். மின் கட்டணம், கேஸ் புக்கிங், பேரக்குழந்தையோடு வீடியோ கால் எல்லாம் இன்று ஸ்மார்ட்ஃபோனிலேயே நடந்துவிடுகின்றன. ஓய்வூதியர்களுக்கான டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழான 'ஜீவன் பிரமாண்' 2014 நவம்பரில் அறிமுகமானபோது, தனிக் கைரேகைக் கருவி ஒன்றைச் செருகிப் பதிய வேண்டியிருந்தது. ரேகை தேய்ந்துபோன விரல்களைக் கருவி ஏற்காமல் பெரியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2021இல் முக அடையாள வசதி வந்த பிறகு தனிக் கருவி இல்லாமல் அந்த வேலையும் ஃபோனிலேயே முடிந்துவிடுகிறது. இவற்றுக்காக மட்டும் கம்ப்யூட்டர் வாங்குவது வீண்செலவு. சீரியல், பக்திப் பாடல், வீடியோ கால் ஆகியவைதான் தேவை என்றால் பத்து, பதினோரு அங்குல டேப்லெட்டே சரியான பொருள்.

கம்ப்யூட்டருக்கு வேலை இருப்பது வேறு இடத்தில். குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவு, கோயில் கமிட்டிக் கணக்கு, வருமான வரி தாக்கல், பக்கக் கணக்கில் எழுதும் கடிதம், முப்பது நாற்பது வருடப் புகைப்படங்களை ஸ்கேன் செய்து அடுக்குவது போன்றவற்றைச் சின்னத் திரையில் செய்வது கொடுமை. வாசிக்கிறவர்களுக்கும் பெரிய திரை வரப்பிரசாதம். 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்துவரும் மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் வாழ்நாள் முழுக்க வாசித்தாலும் தீராதவை. மின்னூலகத்தில் இருக்கும் பல புத்தகங்கள் ஸ்கேன் செய்த பக்கங்களாகவே கிடைக்கின்றன. ஃபோனில் அவற்றை விரலால் இழுத்து இழுத்து வரிவரியாகப் படிக்க வேண்டும். 24 அங்குலத் திரையில் முழுப் பக்கமும் ஒரே பார்வையில் அடங்கும்.

கண்ணும் கையும்

வாங்கும் வேலையைக் கண் பரிசோதனையில் தொடங்குவது நல்லது. நாற்பதுகளில் ஆரம்பிக்கும் வெள்ளெழுத்து அறுபதில் முழுமையாகி இருக்கும். பலருக்குக் கண்புரையும் தொடங்கியிருக்கும். புத்தகம் படிக்கும் தூரம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் என்றால், மானிட்டர் இருப்பது 55 முதல் 70 சென்டிமீட்டரில். பைஃபோகல் கண்ணாடியின் மேல்பாதி எட்ட இருப்பதற்கு, கீழ்ப்பாதி கிட்ட இருப்பதற்கு. இரண்டுக்கும் நடுவிலுள்ள திரை எதிலும் தெளிவாக விழாது. அதனால் பெரியவர்கள் மோவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணாடியின் அடிப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்கிறார்கள். பத்து நிமிடத்தில் கழுத்து வலி எடுக்கும். 'கம்ப்யூட்டர் ஒத்துக்கவில்லை' என்று மூடி வைத்துவிடுவார்கள். அப்படி மூடிக் கிடக்கும் கம்ப்யூட்டர்களில் பலவற்றில் பழுது ஒன்றுமே இல்லை, கண்ணாடிதான் பொருந்தவில்லை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. உட்காரும் நாற்காலியிலிருந்து திரை வரையுள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து கண் மருத்துவரிடம் சொன்னால், அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி எழுதித் தருவார். அது முடியாவிட்டால் மானிட்டரைத் தாழ்த்த வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்ற வழக்கமான அறிவுரை பைஃபோகல் போட்டவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்குத் திரை கண் மட்டத்துக்குக் கீழே இறங்கி, மேல்பக்கம் சற்றுப் பின்னால் சாய்ந்து இருக்க வேண்டும். மேசையின் உயரமும் அதற்குத் தோதாக அமைய வேண்டும். ஜன்னல் வெளிச்சம் திரைக்குப் பின்னாலிருந்தோ உட்காருபவரின் முதுகுப் பக்கமிருந்தோ வராமல் பக்கவாட்டில் இருந்தால் கண் கூசாது.

மானிட்டரைப் பொறுத்தவரை 24 அங்குலம், 1920 x 1080 பிக்ஸல், ஐபிஎஸ் பேனல், பளபளப்பு இல்லாத மேற்பரப்பு என்று கேட்டு வாங்கினால் போதும். ஏழாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய்க்குள் பல நிறுவனங்களின் மானிட்டர்கள் கிடைக்கின்றன. அதிகத் துல்லியம் கொண்ட 4கே திரைக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிக்கப்போகிறார்கள் என்னும்போது அந்தத் துல்லியத்தால் பெரிய லாபம் கிடையாது.

பல லேப்டாப்புகளின் கீபோர்டு சாம்பல் நிறக் கட்டையில் வெளிறிய எழுத்தோடு வருகிறது. அந்த எழுத்து மாலை வெளிச்சத்தில் தெரியாது. கறுப்புக் கட்டையில் வெள்ளையாகப் பெரிய எழுத்துகள் அச்சிட்ட, முழு அளவு, வயர் உள்ள கீபோர்டு சிறந்தது. வயர்லெஸ் என்றால் பேட்டரி தீரும். நகம் அளவுள்ள யுஎஸ்பி துண்டு தொலையும். இரண்டும் நடக்கும்போது உதவிக்கு ஆள் இருக்காது. வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றால், அங்கெல்லாம் பல வருடங்களாகப் புழங்கிவரும் டிவிஎஸ் கோல்டு போன்ற மெக்கானிக்கல் கீபோர்டு அவர் விரலுக்குப் பழகியதாக இருக்கும். விலை கூடுதல்தான். ஆனாலும் அழுத்தியது பதிவானதா என்று திரையைப் பார்க்காமலே ஓசையிலும் விரலிலும் தெரிந்துவிடுவதால், தட்டச்சு செய்கிறவருக்கு அது நியாயமான செலவு. மவுஸ் உள்ளங்கையை நிறைக்கும் அளவில் இருக்கட்டும். லேப்டாப்பின் டச்பேடைத் தோல் உலர்ந்த விரல்களுக்குப் பழக்குவது கடினம்.

பெட்டியைத் தேர்ந்தெடுப்பது

புதிய லேப்டாப், மானிட்டரும் பெட்டியும் ஒன்றாக வரும் ஆல்-இன்-ஒன், கடையில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்துப் புதுப்பித்த ரீஃபர்பிஷ்டு மினி டெஸ்க்டாப் ஆகியவையே வழக்கமான தேர்வுகள். இவற்றில் ஆல்-இன்-ஒன் பார்க்க அழகாக இருக்கும். திரையோ போர்டோ பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும் என்பதால் தவிர்க்கலாம். கரண்ட் அடிக்கடி போகும் ஊர், வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை என்றால் லேப்டாப்புக்கு மரியாதை கூடுகிறது. அதன் பேட்டரியே யுபிஎஸ். அதைத் தனி மானிட்டர், தனி கீபோர்டோடு இணைத்து மேசையிலேயே வைத்துவிட்டால் இரண்டு வகையின் நன்மையும் கிடைக்கும்.

செலவுக்குத் தகுந்த பயன் அதிகம் தருவது ரீஃபர்பிஷ்டு மினி டெஸ்க்டாப். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி எனப் பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிப் போட்டு, சில ஆண்டுகளில் மொத்தமாகக் கழிக்கும் இயந்திரங்கள் இவை. தடித்த புத்தகம் ஒன்றின் அளவுதான் இருக்கும். மானிட்டரின் முதுகிலேயே திருகிவிடலாம். பலவற்றில் இருப்பது 35 வாட் ப்ராசஸர் என்பதால் சூடும் குறைவு, மின்சாரமும் குறைவு. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும், பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும், ஆன்லைனிலும் இவை சுமார் 12,000 முதல் 20,000 ரூபாய்க்குள் விற்கப்பட்டுவந்தன. 2025 இறுதியில் தொடங்கிய மெமரி சிப் விலையேற்றத்துக்குப் பிறகு, இரண்டு மூன்று கடைகளில் விசாரிக்காமல் வாங்குவது சரியல்ல.

ஏமாறுவதற்கான இடங்களும் இங்கேதான் அதிகம். 'ஐ5, 16 ஜிபி ரேம், வெறும் எட்டாயிரம்' என்று ஒரு விளம்பரம் இருக்கும். ஐ5 என்ற பெயர் 2009இலிருந்தே இருக்கிறது; எந்தத் தலைமுறை ஐ5 என்பதுதான் கேள்வி. பெயருக்குப் பின்னால் வரும் எண்ணில் விடை இருக்கிறது. ஐ5-4570 என்றால் நான்காம் தலைமுறை. ஐ5-8500டி என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. இந்த எண்ணை விளம்பரத்தில் போடாதவரிடம் கேட்டு வாங்க வேண்டும். விண்டோஸ் 11 இயங்க, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தையதும், அவற்றோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் தேவை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டும் 2026 அக்டோபர் 13 வரைதான். ஆகவே ஏழாம் தலைமுறையோ அதற்கு முந்தையதோ விண்டோஸுக்காக வாங்கும் பொருளாக இனி இருக்க முடியாது.

மெமரி 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. மைக்ரோசாஃப்ட் குறைந்தபட்சம் என்று சொல்லும் 4 ஜிபியில் விண்டோஸ் 11 எழுந்து நிற்கும், நடக்காது. சேமிப்பு எஸ்எஸ்டியாக, 256 ஜிபியாக இருக்க வேண்டும். செலரான் ப்ராசஸர், 4 ஜிபி மெமரி, 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு என்று இருபதாயிரத்துக்குள் பளபளப்பாக வரும் புதிய லேப்டாப்புகளைத் தொடவே கூடாது. விண்டோஸும் அதன் அப்டேட்களும் சேர்ந்தே அந்த 64 ஜிபியில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பிறகு அப்டேட் ஏறாது, இயந்திரம் ஊர்ந்து நிற்கும். புதியது என்ற ஒரே காரணத்துக்காக இதை வாங்கித் தருவதைவிட ஆறு வருடப் பழைய அலுவலக மினி பல மடங்கு மேல்.

பழைய மினியை வாங்கும்போது சில சின்ன விஷயங்கள் விடுபட்டுப்போகும். அலுவலகங்கள் வயர் இணைப்பையே பயன்படுத்தியதால் பல மினிகளில் வைஃபை இருக்காது. தனி யுஎஸ்பி அடாப்டர் தேவைப்படலாம். சிலவற்றில் எச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருக்கும்; மானிட்டருக்குத் தகுந்த கேபிள் வேண்டும். கேமராவும் மைக்கும் கிடையாது என்பதால் வெப்கேம் ஒன்றும், காது மந்தமாக இருந்தால் ஓரளவு நல்ல ஸ்பீக்கரும் பட்டியலில் சேரும். உள்ளே இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரியை வாங்கிய அன்றே மாற்றிவிடுவது நல்லது. அது செத்திருந்தால், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் கம்ப்யூட்டரின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் வங்கி முதல் யூடியூப் வரை எந்தத் தளமும் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்க மறுக்கும். 'நெட் வேலை செய்யவில்லை' என்று ஊரிலிருந்து ஃபோன் வரும். காரணம் சில பத்து ரூபாய் பேட்டரியாக இருக்கும்.

பணம் கொடுப்பதற்கு முன், கடையிலேயே செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பக்கத்தைத் திறக்கச் சொல்லி விண்டோஸுக்கு முறையான டிஜிட்டல் உரிமம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைகளில் சேர்த்துத் தரும் திருட்டு ஆஃபீஸ் வேண்டாம்; லிப்ரே ஆஃபீஸ் இலவசம், தமிழிலும் இயங்குகிறது. ஜிஎஸ்டி பில்லும், ஆறு மாதமாவது எழுத்தில் வாரண்டியும் கேட்க வேண்டும்.

பல வீடுகளில் இன்னொரு இயந்திரம் பரணில் கிடக்கிறது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைக்கோ பேரனுக்கோ வந்தது. ஆரம்ப ஆண்டுகளின் அந்த லேப்டாப்புகளை விண்டோஸ் 11 ஏற்காது. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, மெமரியைக் கூட்டி, லினக்ஸ் மின்ட் நிறுவினால் பிரவுசரும் லிப்ரே ஆஃபீஸும் நன்றாகவே ஓடும். லினக்ஸ் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இது அருமையான வழி. தெரியாத பிள்ளை யூடியூப் பார்த்து நிறுவிக் கொடுத்தால், முதல் கோளாறிலேயே உள்ளூர் மெக்கானிக்கும் கைவிரித்துவிடுவார். எந்த இயங்குதளம் சிறந்தது என்பதைவிட, உதவப்போகிறவருக்கு எது நன்றாகத் தெரியும் என்பதே இங்கே முடிவு செய்யும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வீடுகளின் சாக்கெட்டில் மூன்றாவது துளை இருக்கும். எர்த் வயர் இருக்காது. உலோகப் பெட்டியைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்பது அதனால்தான். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிபார்த்த பிறகே கம்ப்யூட்டரை இணைக்க வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால் அதில் 'யுபிஎஸ் மோடு' சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் மின்விசிறியும் விளக்கும் தாக்குப்பிடிக்கும் இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

ஊருக்கு அனுப்பும் முன்

கம்ப்யூட்டரை நேராகப் பெற்றோர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஃபோனில் வழிகாட்டுவது இரு தரப்புக்கும் சோதனை. வாங்கியவர் தம் வீட்டில் இரண்டு நாள் வைத்திருந்து எல்லா அப்டேட்டையும் ஏற்றி, தேவையற்றதை நீக்கி, பிறகு கொண்டுபோவதே சரி. புது இயந்திரத்தோடு வரும் சோதனைக்கால ஆன்டிவைரஸை முதலில் நீக்க வேண்டும். முப்பது நாள் கழித்து 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது' என்று அது காட்டும் சிவப்புப் பெட்டியைப் பார்த்து நிஜமாகவே பயந்து பணம் கட்டுகிறவர்கள் பெரியவர்கள்தான். விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் போதும். செய்திகள், விளம்பரம், 'ஒன்டிரைவ் நிறைந்துவிட்டது' போன்ற அறிவிப்புகளையும் அணைத்துவிட வேண்டும். தாமாக எதுவும் எட்டிப் பார்க்காத திரையில்தான் புதிதாக ஏதாவது வந்தால் சந்தேகம் வரும்.

செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி' என்ற பகுதி மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமானது என்று நினைத்துத் தாண்டிப்போகிறவர்கள் அதிகம். எழுத்தின் அளவை 225 சதவீதம் வரை கூட்டலாம். பெரும்பாலானோருக்கு 130, 140 போதும். அம்புக்குறியைப் பெரிதாக்கி, கறுப்பிலோ அடர்ந்த நிறத்திலோ வைத்தால் 'அது எங்கே போச்சு' என்ற தேடல் குறையும். கை நடுக்கம் உள்ளவர்கள் ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டிவிடுவதை 'ஃபில்டர் கீஸ்' தடுக்கும். டபுள் கிளிக் பலருக்குப் பெரிய தடை. இரண்டு அழுத்தலுக்கு நடுவில் கை கொஞ்சம் நகர்ந்தாலும் கோப்பு திறக்காமல் வேறிடத்துக்கு இழுபட்டுப்போகும். 'ஃபோட்டோ காணாமல் போய்விட்டது' என்ற புகார்களில் பல இப்படி வந்தவை. ஃபைல் எக்ஸ்ப்ளோரர் அமைப்பில் ஒரே கிளிக்கில் திறக்கும்படி மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

தமிழ் தட்டச்சை அவரவர் பழக்கத்துக்கு ஏற்ப அமைக்க வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகை, விண்டோஸ் 11இல் உள்ளேயே இருக்கிறது. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் பெறும் அஞ்சல் முறையும் இருக்கிறது. புதிதாகக் கற்பவருக்குத் தமிழ்99 நல்லது. தமிழ்த் தட்டச்சில் லோயர், ஹையர் பாஸ் செய்து அரசு வேலையில் இருந்தவர்களின் கதை வேறு. அவர்கள் விரல்களில் பழைய டைப்ரைட்டர் அமைப்பு அப்படியே பதிந்திருக்கிறது. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளில் அந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், ஓய்வுபெற்று இருபது வருடமானவர்கூட ஒரு மணி நேரத்தில் பழைய வேகத்தைப் பிடிக்கத் தொடங்குவார். மூன்று முறைகளையும் நிறுவி வைத்து அவரைக் குழப்பக் கூடாது. தட்டச்சே வேண்டாம் என்பவர்களுக்கு கூகுள் டாக்ஸில் தமிழில் பேசினாலே எழுத்தாகும் வசதி இருக்கிறது. குரோம் பிரவுசரும் மைக்கும் போதும்.

வாட்ஸ்அப்பை க்யூஆர் கோடு வழியாகக் கம்ப்யூட்டரில் இணைத்துக் கொடுக்கலாம். ஃபோனில் இரண்டு வாரம் வாட்ஸ்அப்பைத் திறக்காமல் இருந்தால் கம்ப்யூட்டரில் இணைப்பு விட்டுப்போகும் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். பாஸ்வேர்டுகளைப் பொறுத்தவரை, பீரோவில் வைக்கும் ஒரு நோட்டில் எழுதி வைப்பதில் எந்தத் தவறும் இல்லை. வீட்டுக்குள் திருட வருகிறவர் ஜிமெயிலைத் தேடி வருவதில்லை; எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட நோட்டு நூறு மடங்கு பாதுகாப்பு. ஒவ்வொரு கணக்கின் மீட்பு எண்ணாகப் பிள்ளையின் எண்ணையும் சேர்த்துவிட வேண்டும்.

மோசடிக்காரர் வரும் வழிகள்

கம்ப்யூட்டரை வைரஸ் தாக்குவதைவிட அதன் முன் உட்கார்ந்திருப்பவரை ஆள் தாக்குவதே இன்று அதிகம். பெற்றோருக்கு இரண்டு பயனர் கணக்கு அமைக்க வேண்டும்: நிர்வாக உரிமை உள்ளது பிள்ளையிடம், சாதாரணக் கணக்கு பெற்றோரிடம். மென்பொருள் நிறுவப் பாஸ்வேர்டு கேட்கும் என்பதால் பாதி ஆபத்து வாசலிலேயே நிற்கும். ஆனால் எனிடெஸ்க் போன்ற திரைப் பகிர்வு மென்பொருள்கள் நிறுவாமலே இயங்கக்கூடியவை. சாதாரணக் கணக்கு அவற்றைத் தடுக்காது. அதற்குப் பேசிப் புரியவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மோசடியின் உருவங்களை முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது. திரை முழுக்கச் சிவப்பாகி, அலாரம் ஒலித்து, 'உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று ஒரு பக்கம் வரும். அது வெறும் இணையப் பக்கம். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் ஒருபோதும் தொலைபேசி எண் தருவதில்லை. எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி அணைத்துவிடலாம். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பிரவுசரில் எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கக் கூடாது என்று அமைத்து, விளம்பரத் தடுப்பான் ஒன்றையும் போட்டுவிட்டால் இந்தப் பக்கங்கள் வருவதே அரிதாகிவிடும்.

'இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்ற குறுஞ்செய்தி, கூகுளில் தேடிக் கிடைக்கும் போலி வாடிக்கையாளர் சேவை எண், வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுவது ஆகியவை தமிழ்நாட்டில் ஓய்வூதியர்களின் வாழ்நாள் சேமிப்பைக் கரைத்திருக்கின்றன. வீடியோ காலில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. வங்கிகளின் இணைய முகவரியை 2025 அக்டோபர் 31க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற்ற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பெற்றோரின் வங்கிப் பக்கத்தை அந்த முகவரியோடு புக்மார்க் செய்து, எப்போதும் அதன் வழியாகவே போகப் பழக்க வேண்டும். சேமிப்பு முழுவதும் இருக்கும் கணக்கில் நெட் பேங்கிங் வேண்டாம். மாதச் செலவுக்கான தொகை மட்டும் இருக்கும் தனிக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி மானிட்டரின் விளிம்பில் ஒட்டுவது அழகைக் கெடுத்தாலும் பரவாயில்லை. ஏமாந்ததற்காகத் திட்டு விழும் என்று பயந்து பிள்ளைகளிடம் மறைப்பதால்தான் பல பேருக்கு அந்த முதல் மணி நேரம் வீணாகிறது. திட்ட மாட்டோம் என்று முதலிலேயே சொல்லி வைப்பது எந்த ஆன்டிவைரஸையும்விடப் பெரிய காப்பு.

கற்றுக்கொடுப்பதும் காப்பாற்றுவதும்

கற்றுக்கொடுக்கும் நேரத்தில் மவுஸ் பெற்றோர் கையில்தான் இருக்க வேண்டும். 'இங்கே கொடு, நான் செய்கிறேன்' என்று பிடுங்கிய அடுத்த நொடி பாடம் முடிந்துபோகும். முதல் வாரம் ஒரே ஒரு வேலை போதும், அதுவும் அவர் விரும்புவதாக இருக்கட்டும். மவுஸைப் பிடித்து இழுத்துவிடப் பழக சாலிட்டேர் சீட்டாட்டத்துக்கு இணையான பயிற்சி இன்றும் இல்லை. 1990இல் விண்டோஸ் 3.0வுடன் வந்து ஒரு தலைமுறைக்கே மவுஸைப் பழக்கியது அது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் என்று ஒரு நோட்டில் படிகளை எழுதலாம். பிள்ளை எழுதித் தருவதைவிட, பெற்றோரே தம் கையால், தம் சொற்களில் எழுதிக்கொள்ளும் குறிப்பே நினைவில் நிற்கும். திரையின் மொழி தமிழா ஆங்கிலமா என்பதையும் ஒருமுறை முடிவு செய்துவிட வேண்டும். பிள்ளையின் திரை ஆங்கிலத்திலும் அம்மாவின் திரை தமிழிலும் இருந்தால், ஃபோனில் 'அதை அழுத்துங்கள்' என்று சொல்வது எதை என்று இருவருக்கும் புரியாது.

தொலைவிலிருந்து உதவ விண்டோஸிலேயே இருக்கும் 'குவிக் அசிஸ்ட்' போதும். கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். பிள்ளை சொல்லும் குறியீட்டைப் பெற்றோர் தட்ட வேண்டும். அதுவும் சிரமம் என்றால், ஆறு இலக்க ரகசிய எண்ணோடு குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பை நிரந்தரமாக அமைத்து வைக்கலாம். விதி ஒன்றுதான்: உதவி கேட்டு அழைப்பது எப்போதும் பெற்றோராக இருக்க வேண்டும். யாராவது தாமாக அழைத்து 'உங்கள் கம்ப்யூட்டரைச் சரிசெய்கிறேன்' என்றால், அது மைக்ரோசாஃப்டும் இல்லை, வங்கியும் இல்லை.

ஸ்கேன் செய்து சேர்த்த புகைப்படங்களும் எழுதிய பக்கங்களும் ஓர் எஸ்எஸ்டியில் மட்டும் இருப்பது பாதுகாப்பல்ல. கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம். அதற்கு மேல் போனால் வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து வேறு வீட்டில் வைக்க வேண்டும். யுபிஎஸ் வைத்திருந்தால் அதன் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும். கண்ணாடியின் பவர் மாறியிருக்கும். எழுத்தின் அளவை இன்னும் கூட்ட வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம் ஃபோனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும் பிள்ளைகள், வருடத்தில் ஒரு முழுப் பகலை அந்த மேசையின் முன் பெற்றோரின் பக்கத்தில் உட்காரவென்றே ஒதுக்கிவைக்க வேண்டும்.